சீர்த்தட்டில் வந்த நீல மீன்

விழுப்புரத்தில் ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிற ஒருத்தியின் வீட்டுக்குக் கடல் மீன் தொட்டி எதற்கு என்று கேட்காத ஆளே கிடையாது. என்னைக் கேட்காதீர்கள், திண்டிவனத்தில் ஒருத்தி இருக்கிறாள், அவளைப் போய்க் கேளுங்கள் என்பேன். அந்த ஒருத்தி என் மகள். கல்லூரியில் படிக்கும்போது டியூஷன் எடுத்துச் சேர்த்த காசில் அவளே வாங்கி வைத்த தொட்டி அது. கல்யாணம் ஆனது, மாமியார் வீட்டில் இடம் போதாது, தனி வீடு பார்த்ததும் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி என் தலையில் கட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்தாள்.

தொட்டி கூடத்துக்கும் தையல் மெஷினுக்கும் நடுவில் தடுப்புச் சுவர் மாதிரி நிற்கிறது. கூடத்தில் நின்று பார்த்தால் தண்ணீருக்கு அந்தப் பக்கம் நான் தைத்துக்கொண்டிருப்பது தெரியும். உள்ளே இரண்டு மீன்கள். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன்கள். பெரியது பெண், சின்னது ஆண். இந்த இனத்தில் பெண்தான் பெரிது, அவள் வைத்ததுதான் சட்டம் என்று மகள் விளக்கியபோது, இதைத் தெரிந்துகொள்ள மீன் வாங்கணுமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

ஆரம்பத்தில் எனக்கு அந்த மீன்களைக் கண்டாலே எரிச்சல்தான். முதலில் அந்த உப்பு. மரக்காணத்தில் உப்பு மலை மலையாகக் குவிந்து கிடக்க, நாங்கள் மட்டும் சென்னையிலிருந்து பாக்கெட்டில் உப்பு வரவழைப்போம். துணி கொடுக்க வருகிற பெண்கள் சிரிப்பார்கள். சாப்பாட்டு உப்பு வேறு, கடல் வேறு, கடலில் இன்னும் என்னென்னவோ கரைந்திருக்கிறது என்று மகள் சொன்னதை நானும் அவர்களிடம் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பேன். மகளோ தினமும் போனில், நான் சாப்பிட்டேனா என்று கேட்பதற்கு முன்னால் தொட்டித் தண்ணீரில் உப்பு அளந்தேனா என்றுதான் கேட்பாள்.

ஆனால் பாருங்கள், தினமும் ஒரு உயிருக்குச் சோறு போட்டால் மனசு அதனிடம் போய் ஒட்டிக்கொள்கிறது. காலையில் நான் விளக்கைப் போட்டதும் இரண்டும் கண்ணாடிக்கு வந்து நின்று உடம்பை நெளிக்கும். பெரியவள் என்னை முறைப்பாள். நானும் முறைப்பேன். எனக்கு அது பிடித்துப் போயிற்று.

மீனுக்கு முதலில் வருவது நோய் இல்லை, பயம்தான் என்பது மகள் சொல்லிக்கொடுத்த பாடம். மிரண்டால், தண்ணீர் திடீரென்று சுட்டால், உப்பு ஏறி இறங்கினால் அதன் உடம்பு தளர்ந்துவிடும். ஒட்டுண்ணி அந்த நேரம் பார்த்துத்தான் உட்காரும். அதனால் அதை நிம்மதியாக வைத்திருப்பதே பாதி வைத்தியம். கத்திரி வெயிலில் தண்ணீர் ஆவியாகி உப்பு கெட்டியாகும் என்று கண்ணாடியில் துணிக்கு மார்க் போடுகிற சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். கோட்டுக்குக் கீழே இறங்கினால் வடிகட்டிய நல்ல தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவேன். தண்ணீர் மேல் காற்றுப் படும்படி ஒரு டேபிள் ஃபேன். கரண்டு போனால் காற்றுக் குமிழி நிற்காமல் இருக்க பேட்டரி மோட்டார். மெஷின் அதிர்வு தொட்டிக்குப் போகக் கூடாதென்று மெஷின் கால்களுக்கு அடியில் மடித்த கோணிச் சாக்கு. வருகிறவர்கள் கண்ணாடியைத் தட்டாமல் இருக்க ஓர் அட்டையில் எழுதி மாட்டினேன்: தட்டினால் ஜாக்கெட் ஒரு வாரம் தள்ளிப் போகும். அதற்கு மட்டும் எல்லாரும் பயந்தார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே மகள் அடித்துச் சொன்ன ஒன்று உண்டு. புது மீன் எது வந்தாலும் நேராகத் தொட்டியில் விடக் கூடாது. பின்பக்க அறையில் தனியாக ஒரு டப்பில் சில வாரம் வைத்து, நன்றாகச் சாப்பிடுகிறதா, உடம்பில் புள்ளி கிள்ளி இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் சேர்க்க வேண்டும். புது மீன் வாங்கும் உத்தேசம் எனக்கு இல்லாததால், சரி சரி என்று தலையாட்டி வைத்தேன்.

மகளுக்கு ஏழாம் மாதம் திண்டிவனத்தில் வளைகாப்பு நடந்தது. சம்பந்தியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லிக் கடை போட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். குரல் பெரிது, கை அதைவிடப் பெரிது. மருமகள் ஒன்றை நினைத்து முடிப்பதற்குள் இவர் செய்து முடித்திருப்பார். மருமகளுடைய மீன்கள் இரண்டே இரண்டாய்த் தனியாகக் கிடக்கின்றனவே என்று யாருக்கும் தெரியாமல் சென்னையில் இருக்கும் தன் தம்பியிடம் சொல்லி, ஒரு மீன் வாங்கி வரச் சொல்லியிருக்கிறார். வளைகாப்பு முடிந்து பெண்ணை நாங்கள் அழைத்து வரும்போது, கொண்டுவந்து விடுகிறேன் பேர்வழி என்று அவர் வீட்டார் ஒரு வேன் பிடித்துக் கூடவே வந்தார்கள். விக்கிரவாண்டி டோல்கேட்டில் வேன் வெயிலில் ஊர்ந்தபோதுகூட அவர் மடியில் இருந்த மூடிய பையில் என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து சீர்த்தட்டுகளைக் கூடத்தில் பரப்பிய பிறகுதான் பையைத் திறந்தார். காற்று அடைத்த பிளாஸ்டிக் பைக்குள் வெற்றிலை அளவில் நீல மீன் ஒன்று. வால் மட்டும் மஞ்சள். பை மேலேயே மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தார். அதைத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்து, தட்டு ஒற்றைப்படையில் இருக்கணும் இல்லையா, இதோடு சேர்த்துத்தான் கணக்கு சரியாகிறது என்று மகளிடம் நீட்டினார். நிஜமாகவே அழகான மீன். ஆனால் முந்தின நாள் பைக்குள் போனது, வெளியே வரவே இல்லை. ஒரு மூலையில் சாய்ந்து கிடந்தது.

மகள் என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, அத்தை, இதைக் கொஞ்ச நாள் உள்ளே தனியா வெச்சிட்டு அப்புறம் விடலாமா என்று கேட்டாள். சம்பந்தியின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"தனியாவா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

அந்த ஒரு வார்த்தை அவருக்கு எங்கே போய்த் தைத்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் இரண்டு குடும்பமும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போய் மேலே வந்த குடும்பங்கள். மல்லாட்டை, வேர்க்கடலைதான், பிடுங்கப் போன இடத்தில் தன் அப்பாவுக்கென்று வெளியே தனி டம்ளர் வைத்திருந்ததையும், அதை அவரே கழுவிக் கவிழ்க்க வேண்டும் என்பதையும் சம்பந்தி ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார். என் வீட்டிலும் அந்தக் கதை உண்டு. அவர் ஆசையாகக் கொண்டுவந்த சீரை, இத்தனை ஜனங்கள் முன்னால், தனியாக வை என்று எந்த வாயால் சொல்வது? அதெல்லாம் ஒன்றும் வேண்டாம், நல்ல நேரத்திலேயே விட்டுவிடுங்கள் என்றேன். பையைத் தண்ணீரில் கொஞ்ச நேரம் மிதக்கவிட்டு, சம்பந்தி கையாலேயே மீனைத் தொட்டியில் விட்டோம்.

அன்றைக்கு வந்திருந்த பெண்கள் கை நிறையக் கண்ணாடி வளையல். அத்தனை பேரும் நீல மீனைப் பார்க்கக் கண்ணாடியைத் தட்டினார்கள். சம்பந்தியும் தட்டினார். என் அட்டையை அன்று யாரும் மதிக்கவில்லை. விருந்தாளிகளிடம் ஜாக்கெட் தள்ளிப்போகும் என்று மிரட்டவா முடியும்?

நீல மீன் பாறைக்குப் பின்னால் போய் ஒளிந்தது. போட்டதைச் சாப்பிடவில்லை. பெரியவள் வேறு, என் இடத்துக்கு இவள் யார் என்று துரத்தித் துரத்தி அடித்தாள். சில நாளில் நீல உடம்பில் ரவை தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள். அதற்கடுத்த வாரம் எங்கள் இரண்டு மீன்கள் மேலும் அதே ரவை. பாறையில் உடம்பைத் தேய்த்துக்கொண்டு, வேகவேகமாக மூச்சு வாங்கின. ஏழு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு மகள் தொட்டி முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். எழுந்திருக்கச் சொன்னால் எழுந்திருக்கவில்லை. படிக்கிற காலத்திலிருந்து அவள் வளர்த்த ஜோடி. பிரசவத்துக்கு வந்த பெண் கண் எதிரில் அவை செத்து மிதந்தால் அவள் மனசு என்ன ஆகும் என்று நினைத்தே எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தப் புள்ளிகள் ஒட்டுண்ணி. கொஞ்ச நாளில் தானாக உதிரும், நாமும் குணமாகிவிட்டது என்று ஏமாந்து போவோம். ஆனால் உதிர்ந்தது மணலில் படுத்துப் பெருகி, நூறு நூறாகக் கிளம்பி மறுபடி மீனைத் தேடி வரும். அதனால் எல்லா மீனையும் வெளியே எடுத்துத் தனி டப்பில் வைத்து மருந்து போட வேண்டும். தொட்டியில் இரண்டு மாதத்துக்கு மேல் ஒரு மீன்கூட இருக்கக் கூடாது, ஒட்டிக்கொள்ள ஆள் கிடைக்காமல் அது பட்டினியில் செத்துவிடும். இதெல்லாம் மகள் சொன்னது. அவளால் குனிய முடியாது. ஆகவே அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து அதிகாரம் பண்ண, நானும் வீட்டுக்காரரும் ஓடினோம். பின்பக்க அறையில் பெரிய பிளாஸ்டிக் டப். ஒளிந்துகொள்ள பிளம்பரிடம் வாங்கிய பைப்புத் துண்டுகள். தாமிரம் கலந்த மருந்து, அது கூடினாலும் குறைந்தாலும் ஆபத்து என்று சொட்டு விட்டு நிறம் பார்க்கிற சோதனை. அந்த டப்புக்கென்று தனி வலை, தண்ணீர் மொள்ளத் தனி மக்கு. கையைக் கழுவாமல் இங்கிருந்து அங்கே போனால் மகள் கத்துவாள். இந்த மீனுக்குப் பண்ணுற பணிவிடையில பாதி எனக்குப் பண்ணியிருந்தா நான் நூறு வயசு இருப்பேன் என்று வீட்டுக்காரர் புலம்பிக்கொண்டே குடம் குடமாகத் தண்ணீர் தூக்கினார்.

ஜாக்கெட் வாங்க வந்த ஒரு பெண் எட்டிப் பார்த்துவிட்டு, ஐயோ, இது அம்மை என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சாயங்காலமே ஒரு கட்டு வேப்பிலையும் மஞ்சள்தூளும் கொண்டுவந்து, டப்புத் தண்ணீரில் போடு, ஆத்தா இறங்கிவிடுவாள் என்றாள். தண்ணீரில் போட்டால் மீன் போய்விடும் என்று சொன்னால் கோபித்துக்கொள்வாள். ஆகவே வேப்பிலையை வாங்கி அறை வாசலில் கட்டினேன். சும்மா சொல்லக் கூடாது, அது நன்றாகவே வேலை செய்தது. அம்மை போட்ட வீட்டு அறை என்று யாரும் அந்தப் பக்கம் போகவில்லை, சத்தமாகப் பேசவில்லை. டிவியைக்கூடக் குறைத்தார்கள். காலித் தொட்டியைப் பார்த்தவர்கள் மட்டும், என்ன, குழம்பு வைத்துவிட்டாயா என்று கேட்டு என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

நீல மீன் பிழைக்கவில்லை. ஒரு காலையில் பைப்புத் துண்டுக்குப் பக்கத்தில் சாய்ந்து கிடந்தது. வீட்டுக்காரர் அதை வாழை மரத்தடியில் புதைத்தார். மகள் விசும்பி விசும்பி அழுதாள். பிள்ளைத்தாச்சி அழக் கூடாது, எழுந்து முகத்தைக் கழுவு என்று அதட்டிவிட்டு, நான் சமையல்கட்டில் போய் அழுதேன். எத்தனை தூரத்திலிருந்து வந்தது. வந்த அலுப்பு தீரக்கூட அதற்கு ஓர் இடம் கொடுக்காமல் கூட்டத்தின் நடுவில் விட்டோமே என்று இருந்தது.

பெரியவளும் சாப்பாட்டை நிறுத்தினாள். சின்னவன் அவள் பக்கத்திலேயே நின்றான். மகள் போடுகிற ஒவ்வொரு துணுக்கும் அடியில் போய் விழும், நான் அதை எடுத்து வெளியே போடுவேன். இவளும் போய்விடுவாள் என்று நான் மனசைத் திடப்படுத்திக்கொண்டிருந்தபோது, ஒருநாள் மகள் அறையிலிருந்து, யம்மா, தின்னுட்டாம்மா என்று கூப்பிட்டாள். ஓடிப்போய்ப் பார்த்தால், பெரியவள் என்னை முறைக்கிறாள். எனக்கு உயிர் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் சம்பந்தி மருமகளைப் பார்க்க ரயிலில் வந்து இறங்கினார். காலித் தொட்டியைப் பார்த்ததும், எங்கே மீனெல்லாம் என்றார். என் வீட்டுக்காரர் தொட்டியைக் கழுவுகிறோம், உங்கள் மீன் உள்ளே ஜம்மென்று இருக்கிறது என்று ஆரம்பித்தார். எனக்குப் பொய் சொன்னால் பற்றிக்கொண்டு வரும். சம்பந்தியைக் கையைப் பிடித்துப் பின்பக்க அறைக்கு அழைத்துப் போய், டப்பைக் காட்டி, நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டேன்.

"அப்ப நான் கொண்டாந்ததுதான் இதுங்களுக்கும் நோவக் குடுத்துச்சா?" என்று கேட்டார்.

"அது பாவங்க, அதுமேல தப்பில்ல. வந்த களைப்புல இருந்துச்சு. கொஞ்ச நாள் தனியா வெச்சிருந்தா அதுக்கும் ஓய்வு, இதுங்களுக்கும் ஒண்ணும் வந்திருக்காது. தனியா வெக்கிறது மட்டமா நெனச்சி இல்லைங்க, நல்லா இருக்கணும்னுதான்."

அவர் டப்பின் பக்கத்தில் உட்கார்ந்து பைப்புக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிற சின்னவனையே பார்த்தார். பிறகு கடையில் வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டார். சாப்பிடக்கூட இல்லை. உனக்கு வாயை அடக்கத் தெரியாதா, சம்பந்தியிடம் இப்படியா போட்டு உடைப்பது என்று வீட்டுக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு சம்பந்தி விழுப்புரம் பக்கமே வரவில்லை. மகளிடம் மட்டும் போனில் பேசுவார். என்னிடம் கொடுத்தால், நல்லா இருக்கீங்களா, வெச்சிடறேன் என்பதோடு சரி. வெளியே நான் வீறாப்பாகத்தான் இருந்தேன். உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது, நல்ல மனுஷியைப் புண்படுத்திவிட்டோமே என்று.

தொட்டி பட்டினி கிடக்கவேண்டிய காலம் முடிந்து, ஜோடியை அதில் திரும்ப விட்டோம். உடம்பில் ஒரு புள்ளி இல்லை. மகள் அதைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்புக்காகவே இன்னும் நூறு குடம் தூக்கலாம் என்று வீட்டுக்காரர் சொன்னார். கொஞ்ச நாளிலேயே பிரசவம் ஆனது. பெண் குழந்தை. சம்பந்திக்கு அந்த நேரம் பார்த்து இருமலும் சளியுமாம், ஆஸ்பத்திரிக்கு வர முடியாது என்று சொல்லியனுப்பினார். முதல் பேத்தியைப் பார்க்க வராமல் இருக்க சளி ஒரு காரணமா? கோபம் இன்னும் தீரவில்லை என்று முடிவு கட்டினேன்.

குழந்தையோடு வீட்டுக்கு வந்த பிறகு ஒரு பகலில் அவர் வந்தார். இருமல் போய் நன்றாகத்தான் இருந்தார். வாசல் குழாயில் கை கால் முகம் எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவினார். குழந்தை உள்ளே இருக்கிறது, வாங்க என்று கூப்பிட்டேன். வரவில்லை. கூடத்தில் கதவோரமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தன் ஒயர் கூடையிலிருந்து ஒரு டம்ளரை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"இன்னாங்க இது? எங்க வீட்ல உங்களுக்குத் தனி டம்ளரா?" என்றேன்.

"அடுத்தவங்க வெச்சாத்தான் சம்பந்தி அது ரோதன. நானே வெச்சிக்கிறேன், இதுல இன்னா இருக்குது?" என்றார். "ரயில்ல பக்கத்துல ஒருத்தி இருமிக்கினே வந்தா. எனக்கும் இப்பதான் சளி வுட்டுச்சி. நான் புதுசா வந்த மீனு. நாலு நாளு இங்கியே ஓரமா இருந்துட்டு அப்புறம் புள்ளயத் தூக்குறேன். அன்னிக்கி நீங்க சொன்னத நெனச்சிக்கினேதான் ஆஸ்பத்திரிக்கும் வரல."

இத்தனை நாள் அவர் கோபித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து நான் கோபித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெரிய கை, குழந்தையைத் தூக்கத் துடிக்கிற கை, மடியில் சும்மா கிடந்தது. கட்டிப்பிடித்து அழலாம் போல இருந்தது; அதற்கும் நாலு நாள் ஆக வேண்டும்.

மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு தையல் மெஷின் பக்கம் வந்து, தொட்டிக்குப் பின்னால் நின்று, முகம் தெரிகிற மாதிரி கண்ணாடிக்குக் கிட்டே தூக்கிப் பிடித்தாள். சம்பந்தி எழுந்து இந்தப் பக்கம் வந்து குனிந்தார். நடுவில் தண்ணீர். பெரியவளும் சின்னவனும் குழந்தையின் முகத்துக்கு முன்னால் போய்ப் போய் வந்தார்கள். அதுவோ கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தது. சம்பந்தி எத்தனையோ செல்லப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். கடைசியில் கண்ணாடியைத் தட்ட விரலை மடக்கிக்கொண்டு போனவர், பாதியில் நிறுத்தினார்.

"தட்டுங்க சம்பந்தி, பரவால்ல" என்றேன். அந்த வீட்டில் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"வேணாங்க, மீனு மிரளும்" என்று சொல்லிவிட்டு, கையை முந்தானைக்குள் விட்டுக்கொண்டு, குழந்தை தானாகக் கண் திறக்கட்டும் என்று அங்கேயே நின்றார்.